சலூனுக்கு புக்கிங் சாஃப்ட்வேரும் ஏஐயும் வாங்கும் முன் உங்கள் நோட்டைப் படியுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் மூன்று நாற்காலி போட்டு, பெண்களுக்கான சலூன் ஒன்றை 16 வருடமாக நடத்துகிறேன். முதல் 12 வருடம் அப்பாயின்மெண்ட் எல்லாம் நீளமான கணக்கு நோட்டில்தான் இருந்தது. பென்சிலால் எழுதுவேன், மாறினால் அழிப்பேன். அப்புறம் வந்த நான்கு வருடத்தில் மூன்று சாஃப்ட்வேர் பார்த்துவிட்டேன். இரண்டுக்குக் காசு கட்டி, பாதியிலே விட்டுவிட்டேன். மூன்றாவது இப்போது நன்றாக ஓடுகிறது. அதில் ஏஐயும் இருக்கிறது.

போன மாதம் ஜாலான் ஈப்போ பக்கம் கடை திறக்கப் போகும் ஒரு தங்கச்சி வந்து, "அக்கா, எது நல்லா இருக்குன்னு பேரை மட்டும் சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றாள். பேர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கடைக்குப் பொருந்துவது அவளுடைய கடையில் தொல்லையாகிவிடலாம். அன்று அவளை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு வாரக் கணக்கு

எந்த விற்பனையாளரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் நோட்டில் கூடுதலாகச் சில விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொரு புக்கிங்கும் எந்த வழியில் வந்தது, எந்த மொழியில் வந்தது, என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆனது, அந்த நேரத்தில் உங்கள் கை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, ஆள் வந்தாரா இல்லையா.

நான் எண்ணிய வாரத்தில் 58 புக்கிங். 34 பேர் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டவர்கள். 13 பேர் குரல் பதிவு அனுப்பினார்கள். 7 பேர் ஃபோன் செய்தார்கள். 4 பேர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வராமல் போனவர்கள் 5 பேர், அதில் 4 பேர் சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கேட்டவர்கள்.

அதுவரை எனக்கு ஃபோன் எடுக்க ஆள் இல்லாததுதான் பெரிய குறை என்று நினைத்திருந்தேன். அதனால் ஃபோனை எடுத்துப் பேசும் ஏஐ ஒன்றுக்குக் காசு கட்டப் போனேன். நோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, என் கடைக்கு ஃபோன் வெறும் ஏழு. கஷ்டம் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தது. ஒருவர் தலைக்குக் கலர் பூசிக்கொண்டிருக்கும்போது வரும் செய்திக்கு இரவு ஒன்பது மணிக்குப் பதில் எழுதினால், அவர் அதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார். உங்கள் நோட்டு வேறு கதை சொல்லலாம். ஆண்களுக்கு முடி வெட்டும் கடையாக இருந்தால் பாதிப் பேர் நேராக வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அங்கே புக்கிங்கை விட வரிசை எண் கொடுக்கிற ஏற்பாடுதான் உதவும்.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஒளிந்திருக்கும் அரை மணி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் நான் முதலில் காசு இழந்தது இங்கேதான்.

முடி வேலையில் பாதி நேரம் காத்திருப்பது. என் கடையில் ரூட்ஸ் கலர், அதாவது முடியின் வேர்ப் பகுதிக்கு மட்டும் கலர் என்றால் பூச 40 நிமிடம், ஊற 35 நிமிடம், கழுவிக் காய வைக்க 30 நிமிடம். அந்த 35 நிமிடத்தில் இன்னொருவருக்கு முடி வெட்டிவிடலாம், இரண்டு பேருக்கு புருவம் திரெடிங் செய்துவிடலாம். முடியை நேராக்கும் ரீபாண்டிங் என்றால் நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள்ளும் இரண்டு இடைவெளி உண்டு. நோட்டில் எழுதும்போது இதை நான் யோசிக்காமலே செய்துவந்தேன். கலர் என்று எழுதி, பக்கத்திலே சின்னதாக "கட்" என்று செருகிவிடுவேன்.

முதலில் வாங்கிய சாஃப்ட்வேர் பல் டாக்டருக்கும் கார் கழுவுகிற கடைக்கும் சலூனுக்கும் ஒரே மாதிரி செய்தது. கலர் என்றால் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம், முழுவதும் அடைத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று கலர் வந்தால் மூன்று கட் போய்விடும். ஒரு கட் 35 ரிங்கிட் என்று வைத்தாலும் நாளுக்கு 105 ரிங்கிட். மாதச் சந்தா 90 ரிங்கிட்தான், விலை குறைவு என்று நான் சந்தோஷப்பட்ட சாஃப்ட்வேர் அது.

ஆகவே டெமோ காட்ட வருகிறவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஒரே வேலையை மூன்று துண்டாகப் பிரித்து, நடுத்துண்டில் ஆளை விடுவிக்க முடியுமா?" நல்ல சலூன் சாஃப்ட்வேரில் இது இருக்கும், ஊறும் நேரம் என்று தனியாகப் போடலாம். வாயால் "முடியும்" என்றால் போதாது. உங்கள் முன்னாலேயே ஒரு கலர் போட்டு, நடுவில் ஒரு கட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதோடு ஆள் வேறு, நாற்காலி வேறு என்று அதற்குத் தெரியுமா என்றும் பாருங்கள். எனக்கு வேலைக்கு ஆள் மூன்று, முடி கழுவும் பேசின் ஒன்றுதான். ஒரே நேரத்தில் மூன்று பேரைக் கழுவ அனுப்பினால் என்ன ஆகும்?

எங்கள் தொழிலில் ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009இல் நிறுத்தியது. 2023இல்தான் முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி கொடுத்தார்கள். இருக்கிற இரண்டு கையின் அரை மணி நேரத்தை ஒரு சாஃப்ட்வேர் விழுங்க விடக்கூடாது.

மாதச் சந்தா என்பது முழு விலை இல்லை

வெளிநாட்டு சாஃப்ட்வேரில் விலை டாலரில் இருக்கும். ரிங்கிட்டுக்கு மாற்றுங்கள். அதன்மேல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான வரியைச் சேருங்கள். 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கியது, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா, கடைக்கு இவ்வளவா என்று கேளுங்கள். பகுதி நேரமாக சனிக்கிழமை மட்டும் வரும் ஆளுக்கும் முழுக் காசு வாங்குகிறவர்கள் உண்டு.

சில தளங்கள் இலவசம் என்று சொல்லும். அவர்களுடைய பக்கத்தின் வழியாக முதல்முறை வரும் வாடிக்கையாளருக்குக் கமிஷன் பிடிப்பார்கள். இதில் தவறில்லை, புதுக் கடைக்கு அது நல்லதுகூட. ஆனால் பத்து வருடமாக உங்களிடம் வருகிறவர் அந்தப் பக்கத்தில் தேடிப் பதிவு செய்தால் அவர் புதியவர் கணக்கில் சேருவாரா? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்தது முன்பணம். வராமல் போன அந்தச் சனிக்கிழமை நான்கு பேருக்காக நான் இப்போது ரீபாண்டிங்குக்கும் கலருக்கும் 30 ரிங்கிட் முன்பணம் வாங்குகிறேன். வாங்கத் தொடங்கியதும் வராமல் போவது அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் கார்டு எண் மட்டும் கேட்கும் சாஃப்ட்வேர் நம் ஆட்களுக்கு ஒத்துவராது. டூயிட்நவ் கியூஆர், எஃப்பிஎக்ஸ், டச் அண்ட் கோ என்று இங்கே எல்லோரும் பணம் அனுப்பும் வழிகள் இருந்தால்தான் 30 ரிங்கிட்டை யோசிக்காமல் அனுப்புவார்கள். அது இல்லாத சாஃப்ட்வேர் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தால், கியூஆர் படத்தை நீங்களே அனுப்பி, பணம் வந்ததும் கையால் "கட்டியாச்சு" என்று குறித்துக்கொள்ளலாம். கொஞ்சம் வேலைதான், செய்யக்கூடியது.

ரசீதையும் ஒருமுறை அச்சடித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் 8 விழுக்காடு வரி தானாகச் சேர்ந்து வந்தது. 2025 ஜூலையில் சேவை வரியை விரிவாக்கியபோது முடிதிருத்தத்தை அதில் சேர்க்கவில்லை. வாங்கக்கூடாத வரியை வாடிக்கையாளரிடம் வாங்கிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏஐக்கு வைக்கும் பரீட்சை

சலூனுக்கு ஏஐ என்று விற்பதில் பல வகை. வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது, ஃபோன் எடுத்துப் பேசுவது, வாடிக்கையாளரின் படத்தில் கலரை மாற்றிக் காட்டுவது, விளம்பரச் செய்தி எழுதுவது, யார் வராமல் போவார் என்று கணிப்பது. என் கடையில் காசுக்குத் தகுந்த பலன் கொடுத்தது முதல் வகை ஒன்றுதான்.

விற்கிறவர் அதை ஆங்கிலத்தில்தான் காட்டுவார், அழகாகப் பதில் சொல்லும். நீங்கள் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, உண்மையாக வந்த செய்திகளில் பத்தை எடுத்து அப்படியே போடுங்கள். பேரையும் எண்ணையும் மட்டும் எடுத்துவிடுங்கள். நான் போட்டதில் ஒன்று இது. ரோமன் எழுத்தில் வந்தது: "அக்கா, ஏசோக் ரெண்டரை போலே? ரூட்ஸ் மட்டும். அம்மாவும் வருவாங்க." நாளைக்கு ரெண்டரைக்கு வரலாமா என்று கேட்கிறார். பாதி தமிழ், பாதி மலாய், நடுவில் ஆங்கிலம். நம் ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள். ஒரு ஏஐ இதை இரண்டு மணி என்று எடுத்துக்கொண்டது. இன்னொன்று ரெண்டரையைச் சரியாகப் பிடித்தது, அம்மாவை விட்டுவிட்டது. மூன்றாவதுதான், "அம்மாவுக்கு என்ன செய்யணும்?" என்று திருப்பிக் கேட்டது. புரியாத இடத்தில் ஊகிக்காமல் கேட்கிறதே, எனக்கு அது போதும் என்று முடிவு செய்தேன்.

குரல் பதிவையும் போட்டுப் பாருங்கள். பின்னால் டிவி ஓட, குழந்தை அழ, வேகமாகப் பேசும் ஒரு பதிவு. என்னுடையது தமிழ்க் குரலில் இன்னும் தடுமாறுகிறது. அதனால் குரல் பதிவு வந்தால் என் கைப்பேசிக்குத் தள்ளிவிடும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்த கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். "தலைக்கு மருதாணி போட்டிருக்கேன், நாளைக்குக் கலர் பண்ணலாமா?" என்று கேளுங்கள். நான் சோதித்த ஒன்று, "தாராளமாக! மத்தியானம் 2 மணி காலியாக இருக்கிறது" என்று எழுதியது. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடையில் விற்கும் சில மருதாணிப் பொடியில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்ஸைடு பட்டால் முடி சூடாகி அறுந்துபோகும். யாருடைய மருதாணியில் என்ன இருக்கிறது என்று முடியைத் தொட்டு, ஒரு கற்றையைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதே போல, முதல்முறை டை போடுகிறவருக்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவிப் பார்க்க வேண்டும். கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு அலர்ஜி கொடுக்கும். கர்ப்பமாக இருக்கிறேன், தலையில் புண் இருக்கிறது, போன மாதம் வேறு கடையில் ரீபாண்டிங் செய்தேன் என்று யார் எழுதினாலும் ஏஐ நேரம் கொடுக்கவே கூடாது. "அக்காவே உங்களிடம் பேசுவார்" என்ற ஒரு வரியோடு நிறுத்த வேண்டும். இந்த மாதிரிச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து நிறுத்தும் வசதி இல்லாத ஏஐ, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம்.

கலர் மாற்றிக் காட்டும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், பேச்சைத் தொடங்கவும் உதவும். ஆனால் நம் கறுப்பு முடியில் அந்தச் சாம்பல் பழுப்பு வர வேண்டுமென்றால் முதலில் பிளீச் போட வேண்டும். படம் அந்த வேலையையும் செலவையும் காட்டாது. படத்தை அனுப்புவதற்கு முன்னால் அதை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் எண்ணை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள்

16 வருட வாடிக்கையாளர்களும் அந்த ஒரே எண்ணில்தான் இருக்கிறார்கள். சில மலிவான ஆட்கள், வாட்ஸ்அப் வெப் போல ஒரு கியூஆரை ஸ்கேன் செய்யச் சொல்லி, அதன் வழியாகத் தானியங்கிப் பதில் அனுப்புவார்கள். அது வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா கம்பெனி அனுமதித்த வழி இல்லை. வேறு சாஃப்ட்வேரை வாட்ஸ்அப்போடு இணைக்க மெட்டாவே வைத்திருக்கும் வழிக்குப் பேர் பிஸினஸ் ஏபிஐ. பிடிபட்டால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். "நீங்கள் அதிகாரபூர்வ பிஸினஸ் ஏபிஐ வழியாகச் செய்கிறீர்களா? என் கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்அப் பிஸினஸ் அதே எண்ணில் தொடர்ந்து வேலை செய்யுமா?" இந்த இரண்டையும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

காசு எப்படிப் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏபிஐயில் வாடிக்கையாளர் எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாம் பதில் எழுதினால் மெட்டா காசு வாங்குவதில்லை. நாமாகப் போய் அனுப்பும் நினைவூட்டல், விளம்பரம் போன்றவற்றுக்கு 2025 ஜூலையிலிருந்து செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம். விளம்பரத்துக்கு அதிகம், நினைவூட்டலுக்குக் குறைவு. அது உங்கள் சந்தாவுக்குள் அடங்குமா, தனியா?

சின்னக் கடை என்றால் இதெல்லாம் இல்லாமலே தொடங்கலாம். வாட்ஸ்அப் பிஸினஸ் செயலி இலவசம். அதில் விரைவுப் பதில்கள், கடை மூடிய பிறகு தானாகப் போகும் செய்தி, லேபிள் எல்லாம் உண்டு. அதோடு கூகள் காலண்டரைச் சேர்த்துக்கொண்டால் ஒரு நாற்காலிக் கடைக்குத் தாராளம். ஜாலான் ஈப்போ தங்கச்சிக்கு நான் கடைசியில் சொன்னது இதைத்தான். ஆறு மாதம் அப்படி நடத்து, அப்புறம் பார்க்கலாம்.

தானாகப் போகும் செய்திகள்

நான் விட்டுவிட்ட இரண்டாவது சாஃப்ட்வேரைப் பற்றி இப்போது சொல்கிறேன். அதில் எட்டு வாரம் வராதவர்களுக்குத் தானாக ஒரு செய்தி போகும்: "உங்களைப் பார்த்து நாளாச்சு! இந்த வாரம் 20 விழுக்காடு தள்ளுபடி." அது ஒருநாள் என் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் போனது. அவருடைய அம்மா இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கருமாதி முடியாத வீடு. துக்கத்துக்கு நானே போய் வந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, கடையிலருந்து மெசேஜ் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் ஒருவருக்கு மட்டும் எல்லாத் தானியங்கிச் செய்தியையும் ஒரே தொடுதலில் நிறுத்த முடியுமா என்று பாருங்கள். தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு முடியை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பத்துமலையில் காணிக்கை கொடுக்கும் வரை அவர்களுக்கு "முடி வெட்ட நேரமாச்சு" என்று செய்தி போகக் கூடாது.

அதே சாஃப்ட்வேரின் ஏஐ, செவ்வாயும் வெள்ளிக்கிழமையும் என் கடை காலியாக இருப்பதைப் பார்த்து, அந்த நாட்களில் கட்டுக்குத் தள்ளுபடி போடச் சொன்னது. கணக்கு சரி. ஆனால் நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட மாட்டார்கள், தள்ளுபடி கொடுத்தாலும் வர மாட்டார்கள். இப்போது நான் அந்த நாட்களில் சீன, மலாய் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சலுகை அனுப்புகிறேன், செவ்வாய் நிறைகிறது. காலி நாளை ஏஐ காட்டட்டும், காரணத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

வாடிக்கையாளரின் விவரம்

பேர், எண், பிறந்த நாள், அலர்ஜி, படம் எல்லாம் நம்மிடம் நம்பிக் கொடுத்தவை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைக்கும் உண்டு. என்ன விவரம், எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். 2024இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 ஜூனிலிருந்து, விவரம் கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் கம்பெனியிடம் இருந்து கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாமும் இருப்போம். அறிவிப்பின் முதல் வரைவை நான் சாட்ஜிபிடியில் எழுதி, மலாய் ஆசிரியையான ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டேன்.

படம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். என்னிடம் தலையை மூடும் தூடுங் அணியும் மலாய்ப் பெண்கள் வருகிறார்கள், திரை போட்ட நாற்காலி அவர்களுக்கென்றே. கட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தைத் தானாக இன்ஸ்டாகிராமில் போடும் வசதி ஒரு சாஃப்ட்வேரில் ஆரம்பத்திலேயே போட்டு வைக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, டெமோவிலேயே பார்த்து அணைத்தேன். யாருடைய படமும் அவர் சரி என்று சொல்லாமல் கடைக் கைப்பேசியை விட்டு வெளியே போகக் கூடாது.

சேர்ந்த முதல் நாளே வாடிக்கையாளர் பட்டியலை முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். எக்ஸலில் திறக்கிற கோப்பாக வர வேண்டும், பேரும் எண்ணும் மட்டுமில்லாமல் பழைய கலர் குறிப்புகளும் வர வேண்டும். நான் முதல் சாஃப்ட்வேரை விட்டபோது குறிப்புகள் வரவில்லை. யாருக்கு எந்த எண் கலர், எத்தனை விழுக்காடு பெராக்ஸைடு என்று ஒவ்வொருவராகத் திரும்ப எழுத எனக்கு மூன்று மாதம் ஆனது.

தொடங்கும் நேரம்

வருடச் சந்தா மலிவு என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவே கட்டுங்கள். பெருநாள் எதுவும் பக்கத்தில் இல்லாத மாதத்தில் தொடங்குங்கள். முதல் நான்கு வாரம் நோட்டிலும் எழுதுங்கள், இரவில் இரண்டையும் ஒப்பிடுங்கள். வேலை செய்யும் பிள்ளைகளிடம் முதல் நாளிலிருந்தே கொடுத்துவிடுங்கள். என்னிடம் இருப்பவர்களில் ஒருத்திக்கு ஆங்கிலம் படிக்க வராது, அதனால் வேலைக்கு ஒரு நிறம் என்று வைத்தோம்: கட் பச்சை, கலர் சிவப்பு, ரீபாண்டிங் நீலம். அவள்தான் இப்போது எங்களில் யாரையும் விட வேகமாகப் பார்க்கிறாள்.

தீபாவளிக்கு முந்தைய 10 நாள் மட்டும் ஆன்லைன் புக்கிங்கை மூடிவிடுகிறேன். திறந்து வைத்தால் முதல் மணி நேரத்தில் கைப்பேசி வேகமாக இயக்கத் தெரிந்தவர்கள் எல்லா இடத்தையும் பிடித்துவிடுவார்கள், 16 வருடமாக வரும் பாட்டிகளுக்கு இடம் இருக்காது. அந்த நாட்களில் ஏஐ, "அக்கா இரவு 9 மணிக்கு மேல் பதில் சொல்வார்" என்று மட்டும் எழுதும். கடையை மூடிவிட்டு, நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பாட்டிகளுக்கு ஃபோன் போடுவேன்.